பேக்வால் எங்கே போனது? காம்போசிட் பேனலில் மறைந்திருக்கும் சேதத்தை மீயொலியால் கண்டுபிடிப்பது

ஸ்டீல் வெல்டை ஸ்கேன் செய்து பழகியவர் முதல்முறை கார்பன் ஃபைபர் பேனலில் புரோபை, அதாவது ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் முனையை, வைக்கும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வெல்டில், இல்லாத ஒன்று திரையில் எழும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே போவோம். காம்போசிட்டில், அதாவது இழை அடுக்குகளை ரெசின் என்ற பிசினால் ஒட்டிச் செய்த பொருளில், இருந்த ஒன்று காணாமல் போகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஒன்றுதான் பேக்வால் எக்கோ, அதாவது பேனலின் அடிப்பக்கம் வரை போய்த் திரும்பி வரும் எதிரொலி. அது நிமிர்ந்து நிற்கிற இடத்தில் ஒலி முழுக் கனத்தையும் கடந்து வந்திருக்கிறது. அது குறைந்தாலோ, நகர்ந்தாலோ, மறைந்தாலோ ஏன் என்று கேட்டே ஆக வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியும் அந்த ஒரு கேள்வியின் வேறு வேறு முகம்.

இது ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தேஜஸ் போர் விமானத்தின் உடல் எடையில் சுமார் 45 சதவீதம் காம்போசிட். போயிங் 787-ல் ஏறக்குறைய பாதி. முப்பந்தலில் சுற்றும் காற்றாலை இறக்கைகள் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தவை. இவை எல்லாமே அடுக்கடுக்காக ஒட்டியவை. இழை ஒவ்வொரு அடுக்கின் உள்ளே படுத்திருக்கிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் பிடித்துக்கொண்டிருப்பது ரெசின் மட்டும்தான். மேலே ஒரு ஸ்பானர் விழுந்தால் அலுமினியத் தகடு பள்ளமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். கார்பன் பேனலில் மேலே லேசான தடம்தான் இருக்கும், அதுவும் நாள்பட நாள்பட மட்டமாகிவிடக்கூடும். உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மழையில் நனைந்த பிளைவுட் ஓரம் பிரிந்து நிற்குமே, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் வெளியே தெரியாமல். இழுவிசையை அந்தப் பேனல் ஓரளவு தாங்கும். அமுக்குவிசை வந்தால் பிரிந்த ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் தனித்தனியாக வளைந்து கொடுத்துவிடும்.

தொடங்கும் முன்: நல்ல இடத்தில் வைத்துப் பாருங்கள்

சந்தேகமான இடத்துக்கு நேராகப் போகாதீர்கள். அதே பேனலில், அதே கனத்தில், நல்ல இடம் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றில் முதலில் வையுங்கள். பேக்வால் எக்கோ திரை உயரத்தில் 80 சதவீதம் நிற்குமாறு கெயினை, அதாவது எக்கோவைத் திரையில் பெரிதாக்கும் அளவை, சரிசெய்து, அந்த டெசிபெல் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் பலமுறை அந்த எண் தேவைப்படும்.

ஒலியின் வேகத்தை மாற்ற மறக்கக் கூடாது. கார்பன் லேமினேட்டில், அதாவது அடுக்கி ஒட்டிய கார்பனில், கனத்தின் திசையில் ஒலி நொடிக்குச் சுமார் 3,000 மீட்டர் போகும். ஸ்டீலில் 5,900. முந்தைய வேலைக்கு வைத்த ஸ்டீல் வேகம் கருவியில் அப்படியே இருந்தால் 4 மி.மீ. பேனலை அது கிட்டத்தட்ட 8 மி.மீ. என்று காட்டும். சேதத்தின் ஆழமும் அதே அளவுக்குத் தப்பாக வரும். ரிப்பேர் செய்பவர் தேவையில்லாத அடுக்குகளையும் தேய்த்து எடுத்துவிடுவார்.

அதிர்வெண்ணைப் பொறுத்தவரை, சில மில்லிமீட்டர் கனமுள்ள கார்பனுக்கு 5 மெகாஹெர்ட்ஸ், டிலே லைன் என்ற பிளாஸ்டிக் துண்டை முன்னால் வைத்த புரோப். கனமான கண்ணாடி இழைக்கு 1 மெகாஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழே. தெரிந்தே குறை வைத்துச் செய்த ரெஃபரன்ஸ் பேனல் இருந்தால் அதில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு விஷயம்: உள்ளே டெஃப்லான் துண்டு வைத்துச் செய்த ரெஃபரன்ஸ் பேனலைவிட, அடியிலிருந்து தட்டையான துளை போட்ட பேனலையே நான் அதிகம் நம்புகிறேன். டெஃப்லான் துண்டு சில இடங்களில் ரெசினோடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டு ஒலியைக் கடத்திவிடும். துளையில் இருப்பது காற்று. உண்மையான பிரிவிலும் இருப்பது காற்றுதான்.

அறிகுறி: திரையில் எதுவுமே வரவில்லை

பேக்வாலும் இல்லை, நடுவிலும் ஒன்றுமில்லை என்றால் பேனலைக் குறை சொல்லாதீர்கள். பத்தில் ஒன்பது தடவை கோளாறு உங்கள் பக்கத்தில்தான் இருக்கும். புரோபைத் தூக்கிப் பிடித்து, டிலே லைனின் நுனியிலிருந்து வரும் எக்கோ தெரிகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் கேபிள் அல்லது கனெக்டர். கேபிளை லேசாக அசைத்தால் எக்கோ வந்து வந்து போகும்.

நுனி எக்கோ இருக்கிறது, பேனலில் வைத்தால் ஒன்றும் வரவில்லை என்றால் புரோபுக்கும் பேனலுக்கும் நடுவில் ஒலியைக் கடத்தத் தடவும் ஜெல் போதவில்லை, அல்லது மேற்பரப்பு சொரசொரப்பு. துணி நெசவுத் தடம் பதிந்த பரப்பில் அந்தக் குழிகளுக்குள் காற்று தங்கிவிடும். ஜெல்லை விரலால் தேய்த்து உள்ளே இறக்குங்கள். பழைய பெயின்ட் உரிந்து நிற்கும் இடத்திலும் ஒலி உள்ளே போகாது. பெயின்ட்டுக்கும் லேமினேட்டுக்கும் நடுவில் முடி அளவு காற்று இருந்தால் போதும், ஒலி அப்படியே திரும்பிவிடும். நல்ல பெயின்ட் பிரச்சினை இல்லை, அதன் கனம் மட்டும் கணக்கில் கூடும்.

கனமான கண்ணாடி இழை என்றால் அதிர்வெண்தான் காரணமாக இருக்கும். காற்றாலை இறக்கையில் நீளவாக்கில் சுமையைத் தாங்கும் பட்டையான ஸ்பார் கேப் பல பத்து மில்லிமீட்டர் கனமிருக்கும். அதில் 5 மெகாஹெர்ட்ஸை வைத்துவிட்டு எக்கோ வரவில்லை என்று கெயினை ஏற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. ஒலி உள்ளேயே சிதறித் தீர்ந்துவிடுகிறது. புரோபை மாற்றுங்கள்.

அறிகுறி: பேக்வால் மறைந்துவிட்டது, நடுவில் புது எக்கோ நிற்கிறது

டிலாமினேஷனின், அதாவது அடுக்குப் பிரிவின், நேரான அடையாளம் இதுதான். அடுக்குகளுக்கு நடுவில் காற்று புகுந்த இடத்தில் ஒலி முழுவதும் திரும்பிவிடுகிறது. அதற்குக் கீழே ஒன்றும் போகாததால் பேக்வால் இல்லை. இரண்டும் சேர்ந்து நடக்க வேண்டும். புது எக்கோ வந்தும் பேக்வால் குறையாமல் நிற்கிறது என்றால் அது வேறு கதை, கீழே வருகிறது.

ஆழத்தைக் கணக்கிடுவது எளிது. 4 மி.மீ. பேனலில் ஒலி போய்வர 8 மி.மீ. பயணம், சுமார் 2.7 மைக்ரோ செகண்ட். புது எக்கோ 1.3 மைக்ரோ செகண்டில் நிற்கிறது என்றால் பிரிவு ஏறக்குறைய பாதி ஆழத்தில், 2 மி.மீ.-ல் இருக்கிறது. அடுத்து 2.6-ல் இன்னொன்று, 3.9-ல் இன்னொன்று என்று சம இடைவெளியில் எக்கோக்கள் வரிசையாக வந்தால் பயந்துவிடாதீர்கள். அவை மூன்று பிரிவுகள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே பிரிவுக்கும் மேற்பரப்புக்கும் நடுவில் ஒலி மாறி மாறி அடித்துக்கொண்டிருக்கிறது. இடைவெளிதான் ஆழம். இதில் இன்னொரு வலையும் இருக்கிறது. பிரிவு சரியாகப் பாதி ஆழத்தில் இருந்தால் அதன் இரண்டாவது எக்கோ பேக்வால் நிற்கும் அதே இடத்தில் வந்து உட்காரும். பார்ப்பதற்கு பேக்வால் இருப்பது போலவே இருக்கும். பக்கத்தில் நல்ல இடத்துக்கு நகர்த்திக்கொண்டே போங்கள்: நடு எக்கோ போனதும் அந்த "பேக்வால்" சட்டென்று உயர்ந்தால் முன்பு பார்த்தது போலி.

சேதத்தின் விளிம்பைக் குறிக்க, பேக்வால் நல்ல இடத்து உயரத்தில் பாதியாக, அதாவது 6 டெசிபெல் குறைவாக நிற்கும் புள்ளியைப் பிடியுங்கள். அந்தப் புள்ளியில் புரோபின் பாதி முகம் நல்ல இடத்திலும் பாதி முகம் கெட்ட இடத்திலும் இருக்கிறது. நான்கு திசையிலிருந்தும் உள்ளே வந்து புள்ளி வைத்து, பிறகு இணையுங்கள். நடுவிலிருந்து வெளியே போகாமல் வெளியிலிருந்து உள்ளே வாருங்கள். கை ஒரே மாதிரி பழகும், ஓரமும் சீராக வரும்.

அடிபட்டு வந்த சேதமாக இருந்தால் நீங்கள் பார்ப்பது அதன் கூரையை மட்டும்தான். மேலே அடி விழும்போது சேதம் ஒரு புள்ளியில் தொடங்கி, கீழே போகப் போக அகலமாகிறது. பக்கவாட்டில் வெட்டிப் பார்த்தால் சவுக்கு மரம் மாதிரி, மேலே கூர், கீழே விரிவு. மேலிருக்கும் பிரிவு தன் கீழே உள்ளதையெல்லாம் நிழலில் மறைத்துவிடும். மேலிருந்து மட்டும் பார்த்து 20 மி.மீ. என்று எழுதிய சேதம் அடிப்பக்கத்திலிருந்து பார்த்தால் அதைவிட நிறைய வரலாம். அடிப்பக்கத்துக்குக் கை போகும் என்றால் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். போகாது என்றால், வெளி ஓரத்தில் ஆழமான எக்கோக்களைத் தேடிக்கொண்டே கூடுதல் தூரம் வெளியே போங்கள். பேக்வால் முழு உயரத்துக்கு வந்த பிறகும் ஒரு புரோப் அகலம் தாண்டி நிறுத்துங்கள்.

பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். பேனல் ஒன்றின் மேல் கருவிப் பெட்டியின் மூலை பட்டுவிட்டது. எல்லோரும் சாய்ந்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். பெயின்ட்டில் நகக்கண் அளவு மங்கல், அவ்வளவுதான். "ஒண்ணுமில்ல, துடைச்சு விட்டுரலாம்" என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நான் புரோபை வைத்து நகர்த்தியபோது மங்கலிலிருந்து இரண்டு விரல் தள்ளியே பேக்வால் தலை கவிழத் தொடங்கியது. அடிப்பக்கமிருந்து வரைந்த எல்லைக்கோடு உள்ளங்கை அளவு வந்தது. மார்க்கரில் போட்ட அந்தக் கோட்டுக்கு நடுவில் அந்த மங்கல் ஒரு கடுகு மாதிரி இருந்தது. அன்றிலிருந்து "பார்த்தேன், ஒன்றுமில்லை" என்ற வார்த்தையைக் கார்பன் பேனல் விஷயத்தில் நான் ஏற்பதில்லை.

அறிகுறி: பேக்வால் இல்லை, ஆனால் நடுவிலும் ஒன்றும் இல்லை

அதிகம் ஏமாற்றுவது இதுதான், அதனால் இங்கே நேரம் செலவழியுங்கள். ஒலி உள்ளே போயிருக்கிறது, திரும்பி வரவில்லை. எங்கே போனது?

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி இந்த இடத்தில் என்னிடம் கேட்டான்: "அண்ணே, பேக்வால் வரவே இல்ல. கெயின் ஏத்தட்டுமா?" கெயினைத் தொட வேண்டாம் என்றேன். ஏற்றினால் ஏதோ ஒன்று எழும்பும். அது என்ன என்று யாருக்கும் தெரியாது. முதலில் புரோபை எடுத்து, ஜெல்லைத் துடைத்து, புது ஜெல் போட்டு, அதே இடத்தில் வை என்றேன். வந்துவிட்டால் ஜெல்தான் குற்றவாளி.

வரவில்லையென்றால் அடிப்பக்கத்தை யோசியுங்கள். அங்கே என்ன ஒட்டியிருக்கிறது? சீலன்ட் தடவியிருந்தால், தண்ணீர் தேங்கியிருந்தால், பேனலை விறைப்பாக்கும் ஸ்டிரிங்கர் பட்டை ஒட்டியிருந்தால் ஒலியின் ஒரு பங்கு அதற்குள் போய்விடும். அடியில் காற்று இருந்தால் ஏறக்குறைய முழு ஒலியும் திரும்பும். தண்ணீர் இருந்தால் எக்கோ பாதி உயரம்தான் வரும். இதைக் கையாலேயே பார்க்கலாம். ஒரு கையில் புரோபைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் விரலில் ஜெல் தொட்டு, பேனலின் அடியில் அதே இடத்துக்கு நேர் கீழே அழுத்தி எடுங்கள். பேக்வால் எக்கோ உங்கள் விரலோடு சேர்ந்து தாழ்ந்து எழும். அந்த எக்கோ உண்மையில் அடிப்பக்கத்திலிருந்துதான் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. முதல் தடவை செய்து பார்க்கும்போது மனதுக்கு ஒரு தெளிவு வரும். நான் கற்றுக்கொடுக்கும் எல்லோரையும் முதல் நாளே இதைச் செய்ய வைக்கிறேன்.

அடியும் சுத்தம் என்றால் கனம் மாறும் சரிவா என்று பாருங்கள். மேற்பரப்பும் அடிப்பரப்பும் இணையாக இல்லாவிட்டால் எக்கோ புரோபுக்குத் திரும்பாமல் பக்கவாட்டில் போய்விடும். புரோபை லேசாகச் சாய்த்து ஆட்டினால் எக்கோ எட்டிப் பார்க்கும். வரைபடத்தில் அந்த இடத்தில் அடுக்குகள் குறைகின்றனவா என்று சரிபாருங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் இரண்டு சாத்தியம் மிஞ்சும். ஒன்று, போரோசிட்டி, அதாவது ரெசினுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள், மிக அதிகம். இன்னொன்று, பிரிவு மேற்பரப்புக்கு மிக அருகில் இருந்து, மேற்பரப்பிலிருந்து வரும் ஆரம்ப எக்கோவுக்குள் மறைந்திருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க விரல் மோதிரமோ நாணயமோ போதும், தட்டிப் பாருங்கள். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்க்கிறோமே, அதே காதுதான் இங்கேயும் வேண்டும். மேலே பிரிந்த அடுக்கு பொத் என்று ஒலிக்கும். போரோசிட்டி இருந்தால் ஒலியில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. நாணயத் தட்டல் மெல்லிய, மேலோட்டமான பிரிவுக்கு மட்டும்தான் துணை. ஆழமான பிரிவை அதை வைத்து இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

அறிகுறி: ஆரம்ப எக்கோ வழக்கத்தைவிட அகலமாக, வால் நீண்டு தெரிகிறது

மேற்பரப்பை ஒட்டிய பிரிவு பெரும்பாலும் இப்படித்தான் முகம் காட்டும். அரை மில்லிமீட்டர் ஆழத்தில் பிரிவு இருந்தால் ஒலி போய்வர 0.33 மைக்ரோ செகண்ட்தான். 5 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையே 0.2 மைக்ரோ செகண்ட். துடிப்பில் இரண்டு மூன்று அலைகள் இருக்கும். எனவே அந்த எக்கோ தனியாக எழும்ப இடமில்லை, ஆரம்ப எக்கோவின் வாலோடு கலந்துவிடுகிறது. அதிர்வெண் கூடிய, நன்றாக அடங்கும் துடிப்புள்ள டிலே லைன் புரோபுக்கு மாறுங்கள். அப்போது வால் சீப்புப் பற்கள் மாதிரி பிரிந்து தெரியும். அதுவரை நம்ப வேண்டியது பேக்வாலைத்தான். அது காணவில்லை என்றால் மேலே ஏதோ தடுக்கிறது.

விமான வெளிப்பரப்பில் மின்னல் பாதுகாப்புக்காகப் பதித்த செம்பு வலையும் மேலேயே ஒரு எக்கோ தரும். ஆனால் அது பேனல் முழுக்க ஒரே மாதிரி வரும், பேக்வாலும் நிற்கும். ஓரிடத்தில் மட்டும் இருந்தால்தான் கவலை.

அறிகுறி: புது எக்கோ இருக்கிறது, பேக்வாலும் நிற்கிறது

புரோபைப் பேனலிலிருந்து தூக்குங்கள். எக்கோ அப்படியே நின்றால் அது பேனலிலிருந்து வரவில்லை, டிலே லைனின் இரண்டாவது எக்கோ. 10 மி.மீ. பிளாஸ்டிக் டிலே லைனில் அது முதல் எக்கோவுக்குச் சுமார் 8.5 மைக்ரோ செகண்ட் கழித்து வரும். கார்பனில் அது 12, 13 மி.மீ. ஆழத்துக்குச் சமம். கனமான பேனலில் நடுவே வந்து நின்று டிலாமினேஷன் மாதிரியே நடிக்கும். இன்னும் நீளமான டிலே லைனைப் போட்டால் நகர்ந்துவிடும்.

தூக்கியதும் போய்விட்டால் பேனலுக்குள் ஒலியை ஒரு பங்கு மட்டும் திருப்பும் பொருள் ஏதோ இருக்கிறது. அடுக்கும்போது உரிக்க மறந்த பின்தாள் அல்லது படலம் இதற்குப் பேர்போனது. அதன் ஓரத்தைத் தேடிப் போனால் நேர்க்கோடாக, கத்தியில் வெட்டியது போல் முடியும். இயற்கையான பிரிவின் ஓரம் அப்படி இருக்காது. தண்ணீர் புகுந்த பிரிவும் இதே போலக் காட்டும், ஏனென்றால் தண்ணீர் ஒலியின் ஒரு பங்கைக் கடத்திவிடும். மழைக்குப் பிறகு ஸ்கேன் செய்து சந்தேகம் வந்த இடத்தைக் காய்ந்த பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

அறிகுறி: பேக்வால் குட்டையாகி, அடியில் புல் முளைத்தது போல் இருக்கிறது

தனியாக ஒரு எக்கோ எழும்பவில்லை, ஆனால் முழு நீளத்துக்கும் சின்னச் சின்ன முனைகள், பேக்வாலும் மெல்ல மெல்ல இறங்குகிறது. இது போரோசிட்டி. ரெசின் இறுகும்போது அழுத்தமோ வெற்றிடமோ போதாமல் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் தங்கிவிட்டன. எவ்வளவு என்பதை பேக்வால் எத்தனை டெசிபெல் குறைந்தது என்பதை வைத்து மதிப்பிடுவார்கள். அதற்கு அதே பொருளில், தெரிந்த அளவு குமிழ் உள்ள பேனலோடு ஒப்பிட வேண்டும். விமானத் துறையில் கன அளவில் 2 சதவீதம் என்பது வழக்கமாகப் பேசப்படும் எல்லை. உங்கள் பாகத்துக்கான எல்லையை அதன் வரைபடத்திலோ ஸ்ட்ரக்சுரல் ரிப்பேர் மேனுவலிலோ பார்த்துக்கொள்ளுங்கள்.

அவசரப்பட்டு போரோசிட்டி என்று எழுதிவிடாமல் அதிர்வெண்ணை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். ஒரு அடுக்கின் கனம் அரை அலைநீளத்துக்குச் சமமாகும்போது ஒவ்வொரு அடுக்கும் கொஞ்சம் ஒலியைத் திருப்பும், அவை எல்லாம் ஒன்றுசேர்ந்து புல்லாகத் தெரியும். 0.25 மி.மீ. அடுக்குக்கு அது 6 மெகாஹெர்ட்ஸ் அருகில் நடக்கும், 0.125 மி.மீ. அடுக்குக்கு 12. குறைந்த அதிர்வெண்ணில் புல் மறைந்து பேக்வால் நன்றாக எழுந்தால் பேனலில் பெரும்பாலும் குறையில்லை. அடுக்கு எக்கோக்கள் சம இடைவெளியில் வரும் என்பதும் ஒரு துப்பு.

அறிகுறி: பேக்வால் உயரம் சரி, இடம் மட்டும் நகர்ந்திருக்கிறது

அடுக்கு கூடியோ குறைந்தோ இருக்கிறது, அல்லது ரெசின் தேங்கியிருக்கிறது. கேலிப்பரில் அளக்க முடிந்தால் அளந்துவிடுங்கள். கனம் சரியாக இருந்து எக்கோ மட்டும் நகர்ந்திருந்தால் அந்த இடத்தில் வேகம் மாறியிருக்கிறது. இழைக்கும் ரெசினுக்குமான விகிதம் வேறு. கனமான கண்ணாடி இழையில் அடுக்குகள் சுருங்கி அலையலையாக மடிந்திருந்தாலும் எக்கோ அலைபாயும். அந்தச் சுருக்கத்தைக் கையடக்கக் கருவியால் அளந்து சொல்வது கடினம், குறித்துவைத்து மேலே அனுப்புங்கள்.

அறிகுறி: பேக்வால் இருக்கக் கூடாத இடத்தில் நிமிர்ந்து நிற்கிறது

இதுவரை பேக்வால் நின்றால் நல்லது என்றேன். ஒட்டு இணைப்புக்கு மேலே வந்தால் கணக்கு தலைகீழ். ஸ்கின்னுக்கு, அதாவது வெளித்தகட்டுக்கு, அடியில் ஸ்டிரிங்கர் நன்றாக ஒட்டியிருந்தால் ஒலி பசையைத் தாண்டி ஸ்டிரிங்கரின் அடி வரை போய் வரும். ஸ்கின் கனத்தில் சின்ன எக்கோதான் தெரியும். அங்கே ஸ்கின் கனத்திலேயே வலுவான எக்கோ, அதன் மடங்குகளோடு நின்றால் ஒட்டு விட்டுப் போயிருக்கிறது. காற்றாலை இறக்கையில் ஸ்பார் கேப்புக்கும் உள்ளே சுவர் போல் நிற்கும் ஷியர் வெப்புக்கும் நடுவில் பசை இல்லாத இடமும் இதே போலத்தான் தெரியும். புரோபை இணைப்பின் குறுக்கே, அகலம் முழுக்க நகர்த்துங்கள்: எக்கோ பலமாக, பிறகு பசை உள்ள இடத்தில் பலவீனமாக, மறுபடி பலமாக வர வேண்டும். நடுவில் அந்தப் பலவீனமே வரவில்லை என்றால் அங்கே பசை இல்லை.

அறிகுறி: எல்லாம் சரியாகத் தெரிகிறது, ஆனால் இணைப்பு பிய்ந்து வந்துவிட்டது

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு பரப்பும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு, ஆனால் பிடிப்பில்லாமல் இருந்தால் ஒலி தடையின்றிக் கடந்துவிடும். ஒட்டும் முன் பரப்பில் எண்ணெயோ சிலிகானோ கைரேகையோ இருந்தால் இப்படி நடக்கும். பிரிந்திருக்கிறதா என்பதை மீயொலி சொல்லும். ஒட்டு எவ்வளவு பலம் என்பதை அது சொல்லாது. கெயினையோ புரோபையோ மாற்றி இதைத் தீர்க்க முடியாது. ஒட்டுவதற்கு முன்னால்தான் பிடிக்க வேண்டும். சுத்தம் செய்த பரப்பில் சுத்தமான தண்ணீரை விடுங்கள்: ஒரே படலமாகப் பரவி நின்றால் ஒட்டலாம்; தாமரை இலையில் போல் முத்து முத்தாகத் திரண்டால் மறுபடி சுத்தம் செய்யுங்கள். அதே நாளில் அதே பசையில் சோதனைத் துண்டு ஒன்றையும் ஒட்டிவைத்து இழுத்துப் பாருங்கள்.

அறிகுறி: ஹனிகோம்ப் பேனலில் ஸ்கின் மட்டும்தான் தெரிகிறது

கருவி பழுதில்லை. மெல்லிய ஸ்கின்னுக்கு அடியில் தேன்கூடு அறைகள், அவற்றுக்குள் காற்று. ஒலி ஸ்கின்னின் அடியிலேயே திரும்பிவிடுகிறது. ஸ்கின்னுக்குள் உள்ள பிரிவை மட்டும் இந்த முறையில் பார்க்கலாம். மறுபக்க ஸ்கின் விட்டுப் போயிருந்தால் சத்தியமாகத் தெரியாது. இரண்டு பக்கமும் புரோப் வைத்து, தண்ணீர்த் தாரை வழியாக ஒலியை ஒரு பக்கம் அனுப்பி மறுபக்கம் வாங்கும் முறைதான் இதற்குச் சரி. அது முடியாத இடத்தில் ஒட்டைச் சோதிக்கும் குறைந்த அதிர்வெண் கருவியான பாண்ட் டெஸ்டர், ஜெல்லும் தேவையில்லை.

2005 மார்ச் 6 அன்று கியூபாவின் வரதேரோவிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்குப் புறப்பட்ட ஏர் டிரான்சாட் ஏ310 விமானத்தின் வால் ரடர், அதாவது விமானத்தை இடவலமாகத் திருப்பும் வால் தகடு, பறக்கும்போதே பெரும்பகுதி பிய்ந்து போனது. விமானம் வரதேரோவுக்கே திரும்பிப் பத்திரமாக இறங்கியது. அந்த ரடர் ஹனிகோம்ப் சாண்ட்விச், இரண்டு ஸ்கின்னுக்கு நடுவில் தேன்கூடு கோர். புறப்படும் முன்பே அதில் ஒட்டு விட்டுப் போயிருந்தது அல்லது கோர் கிழிந்திருந்தது என்றும், அப்போதிருந்த சோதனைத் திட்டம் அத்தகைய சேதங்கள் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கப் போதுமானதாக இல்லை என்றும் கனடா விசாரணை வாரியம் சொன்னது. ஹனிகோம்பில் இந்தச் சேதம் தானாகவே வளரக்கூடியது. விமானம் மேலே ஏற ஏற வெளிக்காற்று அழுத்தம் குறைகிறது. அறைகளுக்குள் அடைபட்ட காற்று ஸ்கின்னை வெளியே தள்ளுகிறது. ஒவ்வொரு பயணத்திலும் இது நடக்கும். அதனால் ஹனிகோம்பில் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தாலும் அடுத்த சோதனை வரை தள்ளிப் போடாதீர்கள்.

அறிகுறி: சி-ஸ்கேன் படத்தில் கோடு கோடாக, திட்டுத் திட்டாகத் தெரிகிறது

சி-ஸ்கேன் என்பது பேனலை மேலிருந்து பார்ப்பது போன்ற படம். அதில் ஸ்கேன் போன திசையிலேயே நேராக ஓடும் கோடு ஜெல் விட்டுப்போன தடம். படம் படிக்கட்டு மாதிரி உடைந்திருந்தால் புரோப் நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடர் சக்கரம் ஜெல்லில் வழுக்கியிருக்கிறது; சக்கரத்தைத் துடைத்துவிட்டு, ஸ்கேலை வைத்து 100 மி.மீ. ஓட்டிச் சரிபாருங்கள். சந்தேகமான திட்டு எதுவானாலும் படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்த இடத்தில் கையால் புரோபை வைத்து ஏ-ஸ்கேனை, அதாவது எக்கோக்கள் எழுந்து நிற்கும் திரையை, பாருங்கள்.

வேலை முடிந்ததும் ஜெல்லை முழுக்கத் துடைத்துவிடுங்கள், முக்கியமாக ரிப்பேருக்குப் போகும் இடத்தில். சிலிகான் கலந்த ஜெல்லை அங்கே பயன்படுத்தவே கூடாது. அடுத்த நாள் அதே இடத்தில் ஒருவர் புது அடுக்கை ஒட்டப் போகிறார். எல்லைக்கோட்டின் பக்கத்தில் ஆழத்தையும், எந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள் என்பதையும், நல்ல இடத்தில் வைத்திருந்த டெசிபெல் எண்ணையும் எழுதிவையுங்கள்.